ஒரே ஆம்பில் 6எல்6, இஎல்34: இரண்டு வகை பவர் வால்வுகளைக் கலந்து போடுவது எப்படி

நான்கு பவர் வால்வுள்ள (ஸ்பீக்கரை ஓட்டும் கண்ணாடிக் குழல்கள்) 100 வாட் கிதார் ஆம்ப் ஒன்று உங்கள் மேசையில் இருக்கிறது. நான்கும் இஎல்34. நடுவில் உள்ள இரண்டைக் கழற்றிவிட்டு இரண்டு 6எல்6 செருகினால் என்ன ஆகும்? சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான், அதே எட்டு முள் ஆக்டல். வால்வு இடறாமல் உள்ளே போய் உட்காரும். வால்வைச் சூடேற்றும் ஹீட்டர் எரியும், சத்தமும் வரும். இந்த வேலையில் வம்பே அதுதான். பொருந்தாது என்றால் யாரும் முயலமாட்டார்கள். பொருந்திவிடுகிறது.

முதன்முதலில் நான் செய்ததும் அதைத்தான். இஎல்34-க்கு வைத்திருந்த பயாஸை (சிக்னல் இல்லாதபோது வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓடவேண்டும் என்று தீர்மானிக்கும் மைனஸ் வோல்ட்டேஜை) மாற்றாமல் 6எல்6 ஜோடியைச் செருகி, ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போட்டுவிட்டு கிதாரை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது அந்த இரண்டு வால்வின் பிளேட்டும் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் உலோகத் தகடு) நடுவில் சிவந்துகொண்டிருந்தன. உடனே அணைத்ததால் வால்வு பிழைத்தது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்கை முதலில் போட்டிருக்கவேண்டும், சரி.

இந்த வழிகாட்டி நான்கு இஎல்34-க்காகக் கட்டிய மார்ஷல் வகை 100 வாட் ஆம்பை வைத்து எழுதியது. அதில் இரண்டு இஎல்34-ஐயும் இரண்டு 6எல்6ஜிசி-யையும் (6எல்6-இன் ஒரு வகை) ஒழுங்காக ஓடவைப்பதுதான் நோக்கம். 6எல்6-க்காகக் கட்டிய ஃபெண்டர் வகை ஆம்பில் எதிர்த்திசையில் போவதானால் எங்கே கூடுதல் வேலை என்பதை ஆங்காங்கே சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த ஆம்புக்குள் 450 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். ஸ்டாண்ட்பையில் போட்டால் கெபாசிட்டர் காலியாகிவிடும் என்பது தப்பு. வால்வு ஆம்பைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு, பழகிய டெக்னீஷியன் ஒருவரிடம் ஆம்பைக் கொடுங்கள். என்ன கேட்கவேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

இந்த இரண்டும் வேறு சாதி

6எல்6-ஐ ஆர்சிஏ நிறுவனம் 1936-ல் வெளியிட்டது. அது பீம் டெட்ரோடு. மூன்று கிரிட் (எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) உள்ள பென்டோடின் காப்புரிமை அப்போது பிலிப்ஸ் கையில் இருந்தது. மூன்றாவது கிரிட் ஒன்றைப் போடாமல், எலக்ட்ரான்களைத் தகடுகளால் கற்றையாக ஒடுக்கி அதே பயனைப் பெறுகிற வடிவம் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இஎல்34 அந்த பிலிப்ஸ் குடும்பத்திலிருந்தே 1950 வாக்கில் வந்தது. அது அசல் பென்டோடு, சப்ரஸர் என்ற அந்த மூன்றாவது கிரிட் உள்ளது. ஃபெண்டர் 6எல்6-ஐயும் அதன் உறவான 5881-ஐயும் பிடித்துக்கொண்டது. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962-ல் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் பேஸ்மேனின் சுற்றைப் பார்த்துச் செய்தது. அதிலும் முதலில் 5881-தான். பிறகு கேடி66 வந்தது, அறுபதுகளின் பிற்பாதியில் இஎல்34-க்கு மாறினார்கள். 'அமெரிக்க ஒலி', 'பிரிட்டிஷ் ஒலி' என்று கிதார்காரர்கள் பேசுவதில் பாதி இந்த இரண்டு வால்வின் கதை. மீதிப் பாதி டோன் சுற்றும் ஸ்பீக்கரும்.

நமக்கு வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். 6எல்6ஜிசி-யின் பிளேட் 30 வாட் சூடு வரை தாங்கும், இஎல்34 25 வாட். ஹீட்டருக்கு 6எல்6 0.9 ஆம்பியர் இழுக்கும், இஎல்34 1.5 ஆம்பியர். டேட்டா ஷீட்டில் இஎல்34-இன் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் ஒரு வோல்ட்டுக்கு 11 மில்லிஆம்பியர், 6எல்6-க்கு 6. அதாவது கிரிட்டில் ஒரே அளவு சிக்னல் வந்தால் இஎல்34 ஏறத்தாழ இரட்டிப்பாகத் துள்ளும். 450 வோல்ட் பக்கத்தில் இஎல்34-க்கு பயாஸ் மைனஸ் 38 வோல்ட் வாக்கில் வரும், 6எல்6ஜிசி-க்கு மைனஸ் 48 வாக்கில். வால்வுக்கு வால்வு கொஞ்சம் மாறும், ஆனால் இந்தப் பத்து வோல்ட் இடைவெளி போகாது.

கலப்பில் நடக்கிற எல்லாமே இந்தப் பத்து வோல்ட்டில்தான் இருக்கிறது. இரண்டு வண்ணத்தைக் குழைத்து மூன்றாவது வண்ணம் எடுப்பதுபோல் இதைப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே நுகத்தில் காளையையும் எருமையையும் பூட்டுவதுபோலத்தான் இது. எந்த மாடு முதலில் இழுக்கிறது, எது முதலில் இளைக்கிறது என்பதுதான் கேள்வி.

வால்யூம் குறைவாக இருக்கும்போது வேலையில் பெரும்பங்கு இஎல்34 ஜோடியுடையது. அதன் துள்ளல் அதிகம். சிக்னல் வளர்ந்து உச்சி 38 வோல்ட்டைத் தொட்டதும் இஎல்34-இன் கிரிட், எலக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் கிரிட்டிலேயே மின்னோட்டம் பாயும், அலையின் தலை தட்டையாகும். 6எல்6-க்கு இன்னும் பத்து வோல்ட் இடம் மிச்சமிருக்கிறது. ஆகவே இஎல்34 உடைய, அதாவது சிதைந்து ஒலிக்க, ஆரம்பித்த பிறகும் 6எல்6 நேராக நின்று, அடியில் பேஸைத் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஓரளவு நடக்கவும் செய்கிறது. முழுக்க நடக்காததற்குக் காரணம் ஒன்று உண்டு, கிரிட்டுக்கு முன்னால் நிற்கும் கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டரைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

கம்பெனிகளே கலந்திருக்கின்றன

மேசா பூகியின் சைமல்-கிளாஸ் ஆம்புகளில் வெளி ஜோடி ஒரு முறையில் ஓடும், உள் ஜோடி வேறு முறையில். வெளி ஜோடியில் இஎல்34 போடலாம் என்று கம்பெனியே அனுமதிக்கிறது. அதே கம்பெனியின் ரோடு கிங்கில் நான்கு 6எல்6-உம் இரண்டு இஎல்34-உம் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், எந்தக் கூட்டணி வேண்டும் என்பதை சானல்வாரியாகச் சுவிட்சில் தேர்ந்துகொள்ளலாம். எக்நேட்டர் ரெபல் 20-இல் இரண்டு 6வி6, இரண்டு இஎல்84. எது எவ்வளவு என்று கலக்க முன்பக்கத்தில் ஒரு குமிழே இருக்கிறது. டிஎச்டி பைவால்வில் இரண்டு வால்வும் வெவ்வேறு வகையாக இருக்கலாம்.

இவற்றில் எதுவும் சும்மா வால்வை மாற்றிச் செருகியது அல்ல. வகைக்கு ஒரு பயாஸ் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. நாம் செய்யப்போவதும் அதைத்தான்.

படி 1: எந்த சாக்கெட் எந்தப் பக்கம்

புஷ்-புல் ஆம்பில் நான்கு வால்வும் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஸ்பீக்கரை இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிகளை மாறிமாறி இழுக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு இஎல்34-உம் ஒரு 6எல்6-உம் இருக்கவேண்டும். இது தவறினால் மற்றதெல்லாம் வீண். ஒரு பக்கம் இரண்டு இஎல்34, மறுபக்கம் இரண்டு 6எல்6 என்று போட்டால் அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் வேறுவேறாக வரும். இரு பக்க டிசி ஓட்டமும் ஒன்றையொன்று அழிக்காமல் டிரான்ஸ்ஃபார்மர் கோர் ஒரு பக்கமாகக் காந்தமேறும். உறுமல் கேட்கும், பேஸ் மெலியும்.

பெரும்பாலான மார்ஷல், ஃபெண்டர் ஆம்புகளில் இடப்பக்க இரண்டு சாக்கெட் ஒரு பக்கம், வலப்பக்க இரண்டு மறுபக்கம். ஆகவே வெளியில் ஒரு வகை, உள்ளே ஒரு வகை என்று போட்டால் சரியாக வந்துவிடும். எல்லா ஆம்பும் அப்படி இல்லை என்பதால் அளந்துவிடுங்கள். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முதல் ஃபில்டர் கெபாசிட்டரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக சேஸிக்கு வடியவிடுங்கள். மீட்டரை வைத்துப் பாருங்கள், ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கவேண்டும். வால்வுகளைக் கழற்றிவிட்டு, ஒரு சாக்கெட்டின் 3-ஆம் முள்ளிலிருந்து மற்றவற்றின் 3-ஆம் முள்ளுக்கு ஓம் பாருங்கள். அதுதான் பிளேட். ஒரே பக்கம் என்றால் மீட்டர் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டும். எதிர்ப்பக்கம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் தடை, சில பத்து ஓம், தெரியும். இரண்டு நிமிட வேலை.

நான் இஎல்34-ஐ வெளியிலும் 6எல்6-ஐ உள்ளேயும் வைப்பேன். ஹீட்டர் சூடு அதிகமுள்ளதற்கு ஓரத்தில் கொஞ்சம் காற்று கிடைக்கட்டும் என்றுதான்.

படி 2: முதல் முள்

இஎல்34-இன் சப்ரஸர் கிரிட் 1-ஆம் முள்ளில் வருகிறது. அது 8-ஆம் முள்ளான கேத்தோடோடு இணைந்திருக்கவேண்டும். கண்ணாடி 6எல்6ஜிசி-யில் அந்த இடத்தில் உள்ளே இணைப்பு எதுவும் கிடையாது. மார்ஷல் வகை ஆம்பில் 1-உம் 8-உம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், 6எல்6 அதைக் கண்டுகொள்ளாது.

ஃபெண்டரிலிருந்து வருபவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். 6எல்6-க்கு அந்த முள் தேவையில்லை என்பதால், பல ஃபெண்டர் ஆம்புகளில் சாக்கெட்டின் 1-ஆம் முனையைக் கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டரைப் பற்றவைக்கும் இடமாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அங்கே இஎல்34 செருகினால் சப்ரஸர், கிரிட் சிக்னலோடும் மைனஸ் பயாஸோடும் இணைந்துவிடும். அந்த ரெசிஸ்டரை எடுத்து 5-ஆம் முள்ளில் (சிக்னல் வரும் கிரிட்) நேராகப் பற்றவைத்து, 1-ஐ 8-ஓடு சேர்த்த பிறகே இஎல்34-ஐத் தொடவேண்டும்.

படி 3: ஹீட்டர் கணக்கு

நான்கு இஎல்34 என்றால் 6 ஆம்பியர். இரண்டு இஎல்34-உம் இரண்டு 6எல்6-உம் என்றால் 4.8. மார்ஷலில் சுமை குறைகிறது, கவலையில்லை. ஹீட்டர் வோல்ட்டேஜ் ஒரு பொட்டு ஏறலாம். 6.3-இலிருந்து பத்து சதவீதத்துக்குள், அதாவது 5.7-க்கும் 6.9-க்கும் நடுவில் இருந்தால் சரி. ஃபெண்டரில் நான்கு 6எல்6 3.6 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் 4.8 கேட்கிறோம். பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கக்கூடாது. ஒரு மணிநேரம் ஓடியபின் டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க முடியவில்லை என்றால், அதுவே பதில்.

படி 4: ஸ்கிரீன் ரெசிஸ்டர்

ஒவ்வொரு வால்வின் 4-ஆம் முள்ளுக்கும் (ஸ்கிரீன் என்ற இரண்டாவது கிரிட்) தனியாக 1 கிலோ ஓம், 5 வாட் வயர்வவுண்ட் இருக்கட்டும். மார்ஷலில் பெரும்பாலும் அதுவேதான் இருக்கும். ஃபெண்டரில் 470 ஓம், 1 வாட் இருக்கும், அது இஎல்34-க்குப் போதாது. சத்தமாக வாசிக்கும்போது இஎல்34 ஸ்கிரீன் நிறைய மின்னோட்டம் குடிக்கும். மாற்றும்போது நான்கையும் மாற்றிவிடுங்கள். சென்னையில் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் முடிகிற வேலை, இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 5: பயாஸை இரண்டாகப் பிரிப்பது

இதுதான் உண்மையான வேலை. மற்றவை எல்லாம் இதற்கு முன்னேற்பாடு.

ஏன் பிரிக்கவேண்டும்? பயாஸை இஎல்34-க்கு ஏற்றபடி மைனஸ் 38-இல் வைத்தால், 6எல்6 ஒவ்வொன்றும் 80 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். 460 வோல்ட்டில் அது 37 வாட். தாங்குவதோ 30. என் பிளேட் சிவந்தது இந்தக் கணக்கால்தான். மாறாக 6எல்6-க்கு ஏற்றபடி மைனஸ் 48-இல் வைத்தால், இஎல்34 கிட்டத்தட்ட அணைந்துபோகும், சில மில்லிஆம்பியர்தான் ஓடும். வால்வுக்கு ஆபத்தில்லை, ஆனால் மெல்லிய சத்தத்தில் கரகரவென்று அசிங்கமான சிதைவு கேட்கும். நடுவில் மைனஸ் 43 வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வைத்தால் 6எல்6 அப்போதும் தேவைக்கு மேல் சூடாகவும் இஎல்34 தேவைக்கு மேல் குளிர்ச்சியாகவும் இருக்கும். இரண்டு பேருக்கும் பிடிக்காத சமரசம்.

இப்போதுள்ள சுற்றில், சிக்னலை இரண்டு பக்கத்துக்கும் எதிரெதிராகப் பிரித்துத் தரும் ஃபேஸ் இன்வர்ட்டரிலிருந்து, டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெபாசிட்டர் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வருகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு வால்வின் கிரிட்டுக்கும் சேர்ந்து சிக்னல் தருகிறது. பயாஸும் பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக அதே இடத்தில் வந்து சேர்கிறது. ஒரே புள்ளியில் இரண்டு வால்வும் தொங்கும்வரை இரண்டு பயாஸ் கொடுக்க வழியில்லை. ஆகவே கெபாசிட்டரை நான்காக்குகிறோம். இன்வர்ட்டரின் முதல் பிளேட்டிலிருந்து ஒரு 0.022 மைக்ரோஃபாரட் அந்தப் பக்க இஎல்34-க்கு, இன்னொன்று அந்தப் பக்க 6எல்6-க்கு. இரண்டாவது பிளேட்டிலிருந்தும் அப்படியே. நான்கும் 630 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும். இதில் ஒன்று கசிந்தால் அந்த வால்வின் பயாஸ் போய்விடும். ஆகவே பழைய பெட்டியில் கிடந்ததைப் போடவேண்டாம்.

ஒவ்வொரு கிரிட்டுக்கும் தனியாக 220 கிலோ ஓம் பயாஸ் ரெசிஸ்டர். இரண்டு இஎல்34-இன் ரெசிஸ்டர்களும் ஒரு பயாஸ் கம்பியில் சேரும், இரண்டு 6எல்6-இனுடையவை இன்னொன்றில். இன்வர்ட்டரின் பார்வையில் பக்கத்துக்கு இரண்டு 220 இணையாக, அதாவது 110 கிலோ ஓம். இஎல்34 மார்ஷலில் ஏற்கெனவே 150 இருந்திருக்கும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. 6எல்6ஜிசி-யின் டேட்டா ஷீட் இந்த ரெசிஸ்டர் 100 கிலோ ஓமைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆனால் ட்வின் ரிவெர்பில் இரண்டு 6எல்6-க்குப் பொதுவாக ஒரு 220-ஐ வைத்தே ஃபெண்டர் காலம் தள்ளியது. வால்வுக்கு ஒரு 220 என்பது அதைவிட நல்ல நிலைதான்.

அடுத்து பயாஸ் சப்ளை. டையோடும் முதல் ஃபில்டரும் அப்படியே இருக்கட்டும். அங்கிருந்து இரண்டு கிளை, ஒவ்வொன்றிலும் ஒரு 22 அல்லது 25 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), ஒரு 10 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் கெபாசிட்டர். பிளஸ் முனை சேஸிக்கு என்பதை மறக்காதீர்கள், இந்த இடத்தில் கெபாசிட்டரைத் தலைகீழாகப் போடுபவர்கள் ஏராளம். இரண்டாவது கிளை சேர்ந்ததும் சப்ளை கொஞ்சம் இறங்கும். நமக்கோ 6எல்6-க்காக மைனஸ் 55 வரையாவது போக இடம் வேண்டும். இஎல்34-க்காகக் கட்டிய ஆம்பில் அவ்வளவு தூரம் பல நேரம் வராது. டையோடுக்கு முன்னால் உள்ள ரெசிஸ்டரைக் குறைத்தோ, பாட்டுக்கும் சேஸிக்கும் நடுவில் உள்ள ரெசிஸ்டரைக் கூட்டியோ அந்த இடத்தைச் சம்பாதிக்கவேண்டும். வால்வு போடாமலேயே 5-ஆம் முள்ளில் மீட்டர் வைத்து, பாட்டை இரு முனைக்கும் திருப்பி எல்லை என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பாட் என்றாவது ஒருநாள் பழுதாகும். அதன் நடுக்கை தொடர்பு விட்டுப்போனால் பயாஸ் பூச்சியத்துக்குப் போகக்கூடாது, மைனஸ் பக்கம் அதிகமாகவேண்டும். அப்போது வால்வு குளிரும், சாகாது. நடுக்கையிலிருந்து மைனஸ் முனைக்கு 100 கிலோ ஓம் ஒன்றைப் பற்றவைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

படி 6: அளக்க ஒரு ஓம்

ஒவ்வொரு சாக்கெட்டிலும் 8-ஆம் முள் நேராகச் சேஸிக்குப் போவதை வெட்டி, நடுவில் 1 ஓம், ஒரு சதவீதத் துல்லிய ரெசிஸ்டர் போடுங்கள். 1-ஆம் முள் 8-ஓடேயே இருக்கட்டும். இனி அந்த ரெசிஸ்டரின் குறுக்கே ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லிஆம்பியர். இதில் ஸ்கிரீன் மின்னோட்டமும் சேர்ந்திருக்கும், சில மில்லிஆம்பியர். நான் அதைக் கழிப்பதில்லை. கழிக்காவிட்டால் தவறு பாதுகாப்பான பக்கம்தான் விழும்.

படி 7: பயாஸ் வைப்பது

ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், பயாஸ் வைக்கும்போதும் அதே விதிதான். இரண்டு பாட்டையும் மைனஸ் அதிகமான முனைக்குத் திருப்பிவிட்டு, எல்லா வால்யூமையும் பூச்சியத்தில் வைத்து ஆம்பைப் போடுங்கள். உள்ளே அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

பிளேட் வோல்ட்டேஜ் 460 என்று வைத்துக்கொள்வோம். தாங்கும் வாட்டில் 70 சதவீதம் என்பது வழக்கமான மேல் எல்லை. 6எல்6ஜிசி-க்கு 21 வாட், அதாவது 45 மில்லிஆம்பியர். இஎல்34-க்கு 17.5 வாட், 38 மில்லிஆம்பியர். நான் அந்த எல்லையில் ஆரம்பிப்பதில்லை. 60 சதவீதம், அதாவது 6எல்6-க்கு 39, இஎல்34-க்கு 32 அல்லது 33 என்று வைத்துவிட்டுக் காதால் கேட்டு ஏற்றுவேன்.

முதலில் 6எல்6 ஜோடியை ஏற்றுங்கள், அப்புறம் இஎல்34-ஐ. இரண்டாவதை ஏற்றும்போது பிளேட் வோல்ட்டேஜ் இறங்கும், முதலில் வைத்தது மாறியிருக்கும். திரும்பப் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் நிலைத்துவிடும். பத்து நிமிடம் சூடேறவிட்டு மறுபடியும் ஒருமுறை. ஒரே வகை இரண்டு வால்வும் தங்களுக்குள் நாலைந்து மில்லிஆம்பியருக்குள் பொருந்தவேண்டும். 6எல்6-உம் இஎல்34-உம் ஒரே எண்ணைக் காட்டவேண்டிய அவசியமில்லை, காட்டவும் கூடாது. வால்வு வாங்கும்போது பொருந்திய ஜோடியாக இரண்டு ஜோடி வாங்கினால் போதும், நான்காகப் பொருந்திய செட்டுக்குப் பணம் கொடுத்து இங்கே பயனில்லை.

அறை விளக்கை அணைத்துவிட்டுப் பிளேட்டுகளைப் பாருங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு. கண்ணாடி ஓரத்தில் நீலமாக மினுங்குவதும் இயல்பே. பிளேட் உலோகத்தின்மேல் மங்கலாகச் சிவப்பு தெரிந்தால் உடனே அணையுங்கள்.

படி 8: தனித்தனியாகக் கேளுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பிடித்த பகுதி. ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, 6எல்6 ஜோடியை எடுத்துவிடுங்கள். இப்போது இரண்டு வால்வுதான். டிரான்ஸ்ஃபார்மர் நான்குக்குக் கட்டியது, 1.7 கிலோ ஓம் சுமை. இரண்டுக்கு அதைப்போல் இரட்டிப்பு வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஆம்பின் ஓம் செலக்டரை 4 ஓமில் வையுங்கள், கணக்குச் சரியாகிவிடும். பிளேட் வோல்ட்டேஜ் ஏறியிருக்கும் என்பதால் பயாஸை ஒருமுறை பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் வாசியுங்கள். அப்புறம் இஎல்34-ஐ எடுத்துவிட்டு 6எல்6-ஓடு அதையே செய்யுங்கள். பிறகு நான்கையும் போட்டு, செலக்டரை 8-க்குத் திருப்பி, பயாஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வாசியுங்கள்.

மெல்லிய வால்யூமில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்டால் ஏமாந்துபோகாதீர்கள். பிரசன்ஸ் சுற்றின் வழியாக வரும் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பங்கைத் தலைகீழாக்கித் திரும்ப உள்ளே கொடுப்பது), வால்வுகளின் வேறுபாட்டைத் தேய்த்துச் சமன்செய்துவிடுகிறது. அது கைவிடும் இடம் ஆம்ப் உடைய ஆரம்பிக்கும் இடம். வித்தியாசம் அங்கேதான். இஎல்34 மட்டும் இருக்கும்போது நடு அலைவரிசை முன்னால் வந்து கடிக்கும், சீக்கிரம் உடையும். 6எல்6 மட்டும் இருக்கும்போது தாழ்ந்த கம்பிகள் இறுக்கமாக நிற்கும், மேலே பளிச்சென்று இருக்கும், உடைவது தாமதமாக வரும். கலவையில் கடி இருக்கும், அடியும் முழுக்கக் குழையாது. பெட்ரூம் வால்யூமிலேயே வாசிப்பவர்களுக்கு இவ்வளவு வேலையும் வீண் என்பது என் அபிப்பிராயம். அந்தக் காசுக்கு வேறு ஸ்பீக்கர் வாங்கினால் காதில் நூறு மடங்கு தெரியும்.

கிரிட் ஸ்டாப்பர்: நான் தாமதமாகக் கற்றது

முன்பு சொல்லாமல் விட்ட காரணம் இதுதான். இஎல்34-இன் கிரிட்டில் மின்னோட்டம் பாய ஆரம்பித்ததும் அது ஃபேஸ் இன்வர்ட்டரின் வெளியீட்டையே கீழே இழுக்கிறது. இன்வர்ட்டர் ஒரு சின்ன 12ஏஎக்ஸ்7 வால்வு, அதற்கு அவ்வளவு வலு கிடையாது. அதே வெளியீட்டில்தான் 6எல்6-உம் தொங்குகிறது. இஎல்34 தலையைத் தட்டியதும் 6எல்6-க்கு வரும் அலையும் அதே இடத்தில் மழுங்கிவிடும். 6எல்6-க்கு மிச்சமிருந்த பத்து வோல்ட் பயன்படாமலே போகிறது. இளைத்த மாடு மற்றதையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துகிறது.

வழி எளிது. இஎல்34-இன் கிரிட் ஸ்டாப்பரை மட்டும் 5.6 கிலோ ஓமிலிருந்து 33 அல்லது 47-க்கு ஏற்றுங்கள். ரெசிஸ்டர் 5-ஆம் முள்ளுக்கு ஒட்டியபடி இருக்கட்டும். 6எல்6-இனுடையதைத் தொடவேண்டாம். இப்போது இஎல்34 கிரிட் மின்னோட்டம் குடித்தாலும் இன்வர்ட்டரை அவ்வளவாக இழுக்காது, 6எல்6 இன்னும் கொஞ்சதூரம் மேலே போகும். கப்ளிங் கெபாசிட்டர்களைப் பிரித்ததன் லாபமும் இங்கே தெரியும். இஎல்34-இன் கெபாசிட்டர் சார்ஜ் ஏறி அதன் பயாஸ் சற்றுநேரம் நகர்ந்தாலும் 6எல்6-இனுடையது அசையாது. கனமான கார்டை அடித்ததும் சத்தம் ஒரு கணம் விக்கி மீள்வது குறைந்துவிடும்.

இந்த ஒரு மாற்றத்துக்கு முன்னால் என் ஆம்ப் கலவைபோலவே ஒலிக்கவில்லை, கொஞ்சம் சக்தி குறைந்த இஎல்34 ஆம்ப்போலத்தான் இருந்தது.

வேறு கூட்டணிகள்

கேடி88 அல்லது 6550-ஐ இஎல்34-ஓடு போடலாம். ஹீட்டருக்கு ஒவ்வொன்றும் 1.6 ஆம்பியர், மார்ஷலில் மொத்தம் 6.2 ஆகும். பயாஸ் மைனஸ் 55 முதல் 60 வரை கேட்கும், ஆகவே இடைவெளி இருபது வோல்ட்டாகிவிடும், கிரிட் ஸ்டாப்பர் பிரச்சினை அந்த அளவு பெரிதாகும். 6550 கிரிட் ரெசிஸ்டரில் ரொம்பக் கண்டிப்பு, 50 கிலோ ஓமுக்கு மேல் பிடிக்காது. நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

6வி6 வேண்டாம். 460 வோல்ட்டும் 1.7 கிலோ ஓம் சுமையும் அதன் உலகமே அல்ல. இஎல்84-க்கு ஒன்பது முள், செருகவே முடியாது, நல்லதாய்ப் போயிற்று.

இரண்டே வால்வுள்ள 50 வாட் ஆம்பில் ஒரு பக்கம் 6எல்6, மறுபக்கம் இஎல்34? தனித்தனி பயாஸ் வைத்தால் டிசி ஓட்டத்தைச் சமப்படுத்தலாம், ஆம்ப் எரியாது. ஆனால் ஒரு பக்கம் மற்றதைப்போல் இரட்டிப்பாகத் துள்ளும், அலை கோணலாகவே வரும். அந்தக் கோணலின் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் பிடிக்கிறது என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன், எனக்கு அது சேறுபோல இருந்தது.

மூடியைப் போடுமுன்

சாக்கெட்டுக்குப் பெயர் எழுதுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. இஎல்34, 6எல்6 பயாஸ் உள்ள சாக்கெட்டுக்குப் போய்விட்டால் குளிர்ந்து கிடக்கும், அவ்வளவுதான். 6எல்6, இஎல்34 பயாஸ் உள்ள சாக்கெட்டுக்குப் போனால் சிவக்கும். இப்படிச் செய்துகொடுத்த ஆம்ப் ஒன்று, கச்சேரிக்குக் கிளம்பும் அவசரத்தில் வால்வுகளைத் துடைத்து இடம் மாற்றிச் செருகியதில் ஒரு 6எல்6-ஐயும் ஃபியூஸையும் இழந்து என்னிடமே திரும்பி வந்தது. வாசிப்பவர்மேல் தப்பில்லை, நான்கு சாக்கெட்டும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கின்றன. அதிலிருந்து வெளிச் சாக்கெட்டுகளைச் சுற்றிச் சிவப்பு பெயின்ட்டில் ஒரு வளையமும், உள்ளே உள்ளவற்றுக்கு வெள்ளை வளையமும் போட்டு, சேஸியின் உட்புறத்தில் இரண்டு ஜோடியின் மில்லிஆம்பியரையும் பிளேட் வோல்ட்டேஜையும் தேதியோடு மார்க்கரில் எழுதிவிட்டுத்தான் திருகை முடுக்குகிறேன்.